கடைசி வரியை அடித்த தையல்காரர்

போன மாதம் எங்கள் பழைய கணினிப் பிரிவில் ஒரு தேநீர் விருந்து. ஓய்வு பெற்றவர்களை ஆண்டுக்கொரு முறை கூப்பிட்டு, கறிபாப்புப் பலகாரமும் தேநீரும் கொடுத்து, "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்கள். நாங்களும் கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டு வருவோம். இந்த முறை போனபோது இயந்திர அறையே காலியாக இருந்தது. எல்லாவற்றையும் வெளிநாட்டில் எங்கோ இருக்கும் வாடகை இயந்திரங்களுக்கு மாற்றிவிட்டார்களாம். நான் இருபது வருடம் குளிரில் நடுங்கிய அறையில் இப்போது நாற்காலிகளை அடுக்கிவைத்திருக்கிறார்கள்.

அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஞானா ஆன்ட்டி, இங்க இருக்கிறவங்களுக்கே சொந்தமா ஒரு சர்வர் வச்சு ஓட்டத் தெரியலை. நீங்க அப்பவே ஒரு டெய்லருக்கு அவர் கடையிலயே செட் பண்ணிக் குடுத்தீங்களாமே. உண்மையா?"

உண்மைதான். ஆனால் கறிபாப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல. நான் எங்கெல்லாம் சொதப்பினேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உண்மையாகும். அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து மலாய் நாட்டுக்கு வந்த குடும்பங்களில் பெண் பிள்ளை என்றால் ஒன்று ஆசிரியை, இல்லையென்றால் தாதி. நான் எழுபதுகளில் கெலுகோரில் ஒரு கல்வி நிறுவனத்தின் கணினிப் பிரிவில், இயந்திரம் படிக்கும் அட்டைகளில் துளை போடும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மாதம் வீட்டுக்கு வந்து விளக்கியபோது அப்பா கேட்டார்: "நீ மெசினுக்கு வேலை செய்யிறியோ, மெசின் உனக்கு வேலை செய்யிதோ?" நல்ல கேள்வி. பதில் தெரிய எனக்குப் பல வருடம் பிடித்தது. அட்டை போய் நாடா வந்தது, நாடா போய் வட்டு வந்தது. எண்பதுகளின் கடைசியில் நான் தலைமை ஆப்பரேட்டராக இருந்தேன். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு வேலை கற்றுத்தந்தது மிஸ்டர் கூ.

மிஸ்டர் கூ எங்கள் பிரிவுத் தலைவர். ஒல்லியான மனிதர். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் ஒரே ஒரு பேனா. ஆங்கிலமும் மலாயும் கலந்து, அடுத்த மேசைக்குக் கேட்காத குரலில் பேசுவார். அவர் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன். யாருக்காவது எதையாவது கற்றுத்தர உட்கார்ந்தால், முதல் காரியமாக இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். அதன்பிறகு எது நடந்தாலும் அந்தக் கைகள் முன்னால் வராது. எதிரே இருப்பவர் தப்பான விசையைத் தேடித் தடவிக்கொண்டிருப்பார். நமக்குக் கை துறுதுறுக்கும். அவர் அசையமாட்டார்.

"உன் கை ஒரு தடவை கீபோர்டுக்குப் போனால், அடுத்த தடவை அவர் உன் கையைத்தான் தேடுவார்" என்பார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. எந்த வேலைக்கு நாங்கள் செயல்முறைத் தாள் எழுதினாலும், அதை எங்கள் பிரிவைத் துப்புரவு செய்யும் கக் சோம் என்ற மலாய்க்கார அம்மாவிடம் கொடுத்துச் செய்யச் சொல்வார். அவர் எந்த வரியில் நின்று விழிக்கிறாரோ, அந்த வரி தப்பு. என் முதல் தாள், அச்சு இயந்திரத்தில் காகிதம் மாற்றுவது பற்றியது. "பழைய தாளை எடுக்கவும்" என்று எழுதியிருந்தேன். கக் சோம் மிச்சமிருந்த காகிதத்தோடு, அன்று காலையில் அச்சடித்து வைத்த முடிவுகளையும் எடுத்துக் குப்பையில் போட்டார்.

"கொஞ்சம் யோசித்திருக்கலாம்" என்றேன் நான்.

"யோசித்துத்தான் எடுத்தார். நீ எழுதியதைத்தான் செய்தார்" என்றார் மிஸ்டர் கூ. பிறகு அவரே குப்பைக்கூடையில் கையை விட்டு முடிவுகளைப் பொறுக்கினார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் முதல் பாதியில் எங்கள் பிரிவில் ஒரு தகவல் பலகை இருந்தது. நாங்கள் அதைப் போர்டு என்போம். ஒரு சாதாரணக் கணினி, அதைத் தொலைபேசிக் கம்பிவழி வேறு கணினிகளோடு பேசவைக்கும் ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு. அவ்வளவுதான். வெளியே மோடம் வைத்திருக்கும் யாரும் தங்கள் கணினியிலிருந்து அந்த எண்ணுக்குப் போட்டு, உள்ளே வந்து, இருப்பதைப் படித்து, தாமும் எழுதிவைத்துவிட்டுப் போகலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் வரமுடியும். வகுப்பு அட்டவணை, தேர்வு அறிவிப்பு ஆகியவற்றுக்காகத் திறந்தது. இணையம் என்ற பேச்சு அப்போதுதான் காதில் விழ ஆரம்பித்திருந்தது.

ஒருநாள் போர்டைத் துப்புரவு செய்ய உட்கார்ந்தேன். தேர்வைப் பற்றி நாலு வரி, மீதியெல்லாம் வேறு பேச்சு. யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கடையில் மீன் கறி நன்றாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பூப்பந்துக்கு யார் வருகிறார்கள். பதினோரு பெயர்கள்தாம் திரும்பத் திரும்ப வந்தன. எல்லாம் உடைந்த மலாயில், குட்டிக் குட்டி வரிகளாக. அழித்துவிடட்டுமா என்று மிஸ்டர் கூவிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் படித்தார்.

"இதையெல்லாம் ஏன் போனில் பேசாமல் இங்கே வந்து எழுதுகிறார்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நானே போர்டில் எழுதிவைத்தேன். மறுநாள் பதில் இருந்தது. யூசுப் என்பவர் எழுதியிருந்தார்: "எங்களுக்குக் காது கேட்காது."

பதினோரு பேரும் காது கேளாதோர் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். சிலர் வேலை பார்க்கும் அலுவலகங்களில் மாலையில் கணினியைத் தொட அனுமதி இருந்தது. மல்லிகா என்ற பெண் அப்படித்தான். அவள் வீடு பைராம் தோட்டத்தில், வேலை செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு. முன்பெல்லாம் கடலுக்கு இந்தப் பக்கம் தீவில், ஜார்ஜ் டவுனில் இருக்கும் தோழிக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால், அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பட்டர்வொர்த் வந்து, ஃபெரி ஏறி, கதவைத் தட்டி, ஆள் வீட்டில் இல்லையென்றால் திரும்பிப் போவாளாம். யூசுப் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருந்தார். அவருடைய தம்பி சுங்கைப் பட்டாணியில் குமாஸ்தா. தம்பிக்குக் காது கேட்கும், அவர் வீட்டிலும் கணினியும் மோடமும் உண்டு. அவர்தான் அண்ணனுக்கு ஒரு பழைய கணினியும் மோடமும் வாங்கிக் கொடுத்துப் போட்டுக் காட்டியவர்.

அந்த வருட நடுவில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இயந்திர அறையைப் புதுப்பிக்கிறோம், தொலைபேசி இணைப்புகளைக் குறைக்கிறோம், போர்டை ஆறு வாரத்தில் மூடவும். யார் மேலும் தப்பில்லை. தேர்வு அட்டவணை பார்க்க யாரும் அதற்கு வருவதில்லை என்பது உண்மைதானே. மிஸ்டர் கூ கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"அந்தப் பதினோரு பேரில் ஒருவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே. கழித்துப்போட்ட கணினி ஒன்று இருக்கிறது. விடுவிப்புத் தாளில் நான் கையெழுத்துப் போடுகிறேன்."

"போன் இணைப்பு இருக்கிறது யூசுப் வீட்டில்தான் சார். ஆனால் அவர் தையல்காரர்."

"அப்படியானால் நேராக வெட்டத் தெரிந்தவர்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

யூசுப்பின் கடைக்கு முதன்முதலாகப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. கீழே கடை, மேலே வீடு. அகலமான வெட்டுமேசை, அதன் ஓரத்தில் கணினி, பக்கத்தில் தையல் இயந்திரம், சுவரில் தொலைபேசி. நாற்பது வயதிருக்கும். காதில் பென்சில், கழுத்தில் அளவு நாடா. பேச வேண்டியதைத் தையல் சாக்கட்டியால் மேசைமேலேயே எழுதுவார். நாம் படித்ததும் உள்ளங்கையால் துடைத்துவிடுவார். அவர் மனைவி ஜமீலாவுக்குக் காது கேட்கும். கணவன் மனைவி இருவரும் கையால் பேசிக்கொள்ளும் வேகத்துக்கு என் கண் ஈடுகொடுக்கவில்லை.

ஏன் இந்த இயந்திரம் இவருக்கு இத்தனை முக்கியம் என்று நான் கேட்காமலேயே ஜமீலா சொன்னாள்.

"அவுங்க அத்தா மவுத்தான அன்னைக்கு நான் பாசாருக்குப் போயிருந்தேன்க்கா. தம்பி காலையிலேருந்து போன் அடிச்சிருக்காரு. இவரு அந்த போனுக்குக் கீழதான் உக்காந்து தச்சுக்கிட்டு இருந்தாரு. நான் சாமான் வாங்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வந்து போனை எடுக்கறதுக்குள்ள அசர் தொழுகை நேரம் ஆயிருச்சு. போய்ச் சேர்ந்தா அடக்கம் முடிஞ்சு ஆளுங்க கபரஸ்தான்லேருந்து திரும்பி வராங்க. எங்கள்ல ரொம்ப நேரம் வைக்கமாட்டாங்கல்ல. மூத்த பிள்ளை. தோள் குடுக்கலை. இப்ப மாமி, இவரு அம்மா, தம்பி வீட்டுல இருக்காங்க, அவுங்களுக்கும் எழுபத்தஞ்சு ஆச்சு."

யூசுப் எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாக்கட்டியை எடுத்து எழுதினார்: "உங்கள் இடத்தில் போர்டு இருந்தால், நான் போய்ப் பார்த்தால்தான் செய்தி. என் மேசையில் இருந்தால், செய்தி என்னிடம் வரும்."

தொழில்நுட்பம் படித்த நாங்கள் ஒருவரும் அதை அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. போர்டு அவர் கடையிலேயே இருந்தால், தம்பி சுங்கைப் பட்டாணியில் தட்டும் எழுத்து அந்தக் கணமே யூசுப்பின் கண்ணெதிரே திரையில் விழும். தொலைபேசி மணி அடித்தால் மின்னுகிற ஒரு விளக்கை எங்கள் மின்னணுக்கூடத்து ஆள் செய்து கொடுத்தார். அதைத் தையல் இயந்திரத்துக்கு நேர் மேலே மாட்டினோம்.

என் முதல் தாளில் முப்பத்தோரு வரி இருந்தது. மிஸ்டர் கூ ஒவ்வொரு வரியாகக் கை வைத்து, "இதை ஏன் அவர் செய்ய வேண்டும்? கணினியே செய்யாதா?" என்று கேட்டார். கேட்கக் கேட்க நான் கணினியை மாற்றினேன். விசையைப் போட்டால் தானாகவே எழுந்து, தேதியைப் பார்த்து, போர்டைத் திறந்து, பழைய செய்திகளை இன்னொரு வட்டில் நகல் எடுத்துவைக்கும்படி செய்தேன். கடைசியில் ஒன்பது வரி மிஞ்சியது. மலாயில் எழுதினேன், அவர் பள்ளியில் படித்த மொழி அதுதான். கக் சோம் எங்கள் அறையில் எந்த வரியிலும் நிற்காமல் போர்டை எழுப்பிவிட்டார். அன்று நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

கடைக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது முதல் சொதப்பல். எனக்குச் சைகை தெரியாது. எழுதிக் காட்டினால் நேரமாகிறது. ஜமீலா பக்கத்திலேயே நிற்கிறாள், வாயைத் திறந்தால் புரிந்துகொள்கிறாள். என்னை அறியாமல் அவளிடம் திரும்பி, "இந்தா ஜமீலா, இந்த வயரு இங்க..." என்று தொடங்கிவிட்டேன். பத்து நிமிடம் ஆனது. யூசுப் தையல் இயந்திரத்துக்குப் போய் ஒரு காலரை எடுத்துத் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

ஜமீலா என்னை நிறுத்தினாள். "எனக்குச் சொல்லாதீங்கக்கா. இது அவரு மெசின். நான் தெரிஞ்சுக்கிட்டா, அப்புறம் எல்லாத்துக்கும் என்னையத்தான் கூப்பிடணும். இப்பவே அப்படித்தான் இருக்கு. போன் வந்தா நான், பேங்க்குக்குப் போனா நான், டாக்டரு சொல்றதும் என்கிட்டதான். ஒண்ணாச்சும் அவருகிட்ட சொல்லிக் குடுங்கலா."

வெட்கமாகத்தான் இருந்தது. யூசுப்பின் எதிரே போய் உட்கார்ந்தேன். மிஸ்டர் கூ சொல்லியபடி கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார், என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், ஜமீலாவிடம் கையால் ஏதோ சொன்னார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"உங்களைப் போலீஸ் பிடிச்சிருச்சான்னு கேக்குறாரு. கைய ஏன் கட்டி வச்சிருக்கீங்களாம்?"

கையால் பேசுகிறவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது, வாயில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்வதற்குச் சமம். அன்றிலிருந்து கைகளை மேசைமேல் வைத்தேன், கீபோர்டை மட்டும் தொடவில்லை. வாரம் மூன்று மாலை போனேன். அவர் எனக்குச் சைகை சொல்லிக்கொடுத்தார். 'மோடம்' என்பதற்கு அவர்களிடம் சைகை இல்லை. கண்சிமிட்டும் விளக்குபோல விரல்களைத் திறந்து மூடி அவரே ஒன்று உண்டாக்கினார். வயர்களில் நான் ஒட்டியிருந்த எண்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, நூல்கண்டிலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை நூலை எடுத்து ஒவ்வொரு வயருக்கும் அது சேரவேண்டிய இடத்துக்கும் ஒரே நிற நூலைச் சுற்றினார். எண்ணைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாவது சொதப்பல் ஆறாவது வரியில். ஒருநாள் அவரைத் தனியாகச் செய்யவிட்டு நான் எதிரே கோப்பிக்கடையில் போய் உட்கார்ந்தேன். பத்து நிமிட வேலை. நாற்பது நிமிடமாகியும் அவர் வெளியே வந்து கை காட்டவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேன். கையில் தாளோடு, பொறுமையாக, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். ஆறாவது வரியில் விரல் வைத்திருந்தார். அதில் நான் எழுதியிருந்தது: "மோடத்தின் கீச்சொலி நின்றதும் எண்டர் விசையை அழுத்தவும்."

காது கேளாதவருக்கு நான் எழுதிய தாள். கக் சோமுக்குக் காது கேட்கும் என்பதால் அவர் அங்கே நிற்கவில்லை. யூசுப் கோபப்படவில்லை. சாக்கட்டியால் எழுதினார்: "ஒலி எப்போது நிற்கும்? எனக்கு அது எப்போதும் நின்றுதான் இருக்கிறது." எழுதிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மூன்றாவது சிவப்பு விளக்கு எரிந்ததும்" என்று மாற்றினேன். "எரியாவிட்டால் ஒன்பதாவது வரிக்குப் போகவும்" என்றும் சேர்த்தேன்.

இடையில் ஜமீலாவின் அம்மா போர்க்கொடி தூக்கினார். மகளோடு பேசப் போன் போட்டால், பூனையை மிதித்த மாதிரி ஏதோ கத்துகிறதாம். பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை மோடம் ஓய்வு எடுக்கும்படி வைத்தேன். அந்த இரண்டு மணி நேரம் மாமியாருக்கு. மற்ற நேரமெல்லாம் மருமகனுக்கு.

ஆறாவது வாரம் மிஸ்டர் கூ நேரில் வந்தார். யூசுப் ஒரு செய்தியைப் பாதி தட்டிக்கொண்டிருக்கும்போதே சுவரில் இருந்த விசையை அணைத்தார். திரை இருண்டது. யூசுப் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாளை எடுத்தார், விரலால் ஒவ்வொரு வரியையும் தொட்டார், நூலைப் பார்த்தார், செய்தார். எட்டு வரியில் போர்டு எழுந்துவிட்டது. தலைக்குமேல் விளக்கு மின்னியது. திரையில் மல்லிகா செபராங் ஜெயாவிலிருந்து எழுதினாள்: "என்ன ஆச்சு? பாதியில் ஓடிவிட்டாய்."

மிஸ்டர் கூ வெட்டுமேசையில் வைத்தே விடுவிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார். அன்று கணினிக்கூடத்துப் போர்டை மூடினோம்.

நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. நானும் வீட்டிலிருந்து அவ்வப்போது போர்டுக்குப் போட்டு மீன் கறிப் பேச்சைப் படித்துவிட்டு வருவேன். பிறகு ஒரு நாள் மதியம், மழைக்காலத்துப் பெரிய இடி. எங்கள் பிரிவிலேயே இரண்டு கருவி கருகிவிட்டது. சாயங்காலம் யூசுப்பின் எண்ணுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மோடம் எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன், திரும்பவும். மறுநாள் காலையிலும் பலமுறை போட்டேன். ஜமீலா தங்கையின் பிரசவத்துக்குக் குளிம் போயிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

"போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா?" என்று மிஸ்டர் கூவிடம் கேட்டேன்.

"அவர் கூப்பிட்டாரா?"

"இல்லை."

"அப்படியானால் அவரே பார்த்துக்கொள்கிறார். கையைப் பின்னால் வை."

அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பிரிவிலும் தலைக்குமேல் வேலை. மூன்றாம் நாள் மாலையில் போட்டபோது கீச்சென்ற அந்த இரைச்சல் காதில் விழுந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையாக எதுவும் கேட்டதில்லை. சனிக்கிழமை, ஒரு ரவிக்கைத் துணியைச் சாக்காக எடுத்துக்கொண்டு, பாராட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

யூசுப் என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். ஒன்பதாவது வரியைப் பென்சிலால் அடித்திருந்தார். அந்த வரியில் நான் எழுதியிருந்தது இது: "அப்படியும் சரியாகாவிட்டால், ஞானாவைத் தொலைபேசியில் அழைக்கவும்." கீழே என் எண்.

சோதனையில் எல்லாம் நன்றாக நடந்ததால் அந்த வரிவரை யாரும் போகவே இல்லை. ஆறாவது வரியில் அவ்வளவு அவமானப்பட்ட பிறகும் அது என் கண்ணில் படவில்லை. மிஸ்டர் கூவின் கண்ணிலும் படவில்லை. யூசுப் கூப்பிடவில்லை என்று நாங்கள் இருவரும் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தோம். அவரால் கூப்பிட முடியாது என்பது எங்கள் மண்டைக்கு எட்டவே இல்லை.

அதைவிட மோசமானதை அவர் மேசைமேல் எழுதினார். இடி விழுந்ததில் மோடம்தான் செத்திருந்தது, விளக்கு சாகவில்லை. "விளக்கு மின்னியது. திரும்பத் திரும்ப மின்னியது. மோடம் எடுக்கவில்லை. யார்? தம்பியா? அம்மாவா?"

நான்தான். என் அக்கறைதான் அந்த விளக்கை மின்னவைத்தது. அப்பா இறந்த அன்று ஓயாமல் அடித்த அதே தொலைபேசிக்குக் கீழே, அதே தையல் இயந்திரத்தின் முன்னால், அந்த மனிதர் ஒரு மாலையும் ஒரு காலையும் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறார். முன்பாவது மணி அடிப்பது அவருக்குத் தெரியாமல் இருந்தது. நான் அதைத் தெரியவும் வைத்து, பதில் சொல்லமுடியாமலும் வைத்துவிட்டேன். "நான்தான்" என்று சைகையில் சொன்னேன். அழுகை வந்தது, அழுதேன். அவர் என்னை அழவிட்டுவிட்டு, ரவிக்கைத் துணியை எடுத்து அளந்துகொண்டிருந்தார்.

அவர் என்ன செய்தார் என்பதைப் பிறகு எழுதிக் காட்டினார். கடையைப் பூட்டினார். மோடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, தாளையும் எடுத்துக்கொண்டு, ஃபெரி ஏறிச் செபராங் ஜெயாவுக்கு மல்லிகாவின் அலுவலகத்துக்குப் போனார். அவளுடன் வேலை செய்கிற ஒரு பெண் தம்பிக்குப் போன் போட்டு விசாரித்தாள். அம்மா நன்றாக இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாராம். மல்லிகா தன் மேலதிகாரியிடம் எழுதிக் கேட்டு, தன் மேசையிலிருந்த மோடத்தையே கழற்றிக் கொடுத்தாள். மறுநாள் நாலாவது வரியிலிருந்து தொடங்கி, நூல் பார்த்துப் பூட்டி, போர்டை எழுப்பிவிட்டார். கருகியதற்குப் பதிலாகத் தம்பி இன்னொன்று அனுப்பும்வரை பத்து நாள் மல்லிகா பேச்சில்லாமல் இருந்தாள்.

அடித்த வரிக்குக் கீழே அவர் கையெழுத்தில் புதிய ஒன்பதாவது வரி இருந்தது: "மல்லிகாவிடம் போ. இந்தத் தாளை எடுத்துக்கொண்டு போ." ஜமீலா ஊரிலிருந்து திரும்பியதும் பதினோரு பேரும் கடையில் கூடி, இன்னொரு மோடம் வாங்கி மல்லிகாவிடம் வைத்தார்கள். எல்லோரும் அந்தத் தாளை நகல் எடுத்துக்கொண்டார்கள். என் பெயர் அதில் எங்கும் இல்லை.

நகல் ஒன்றை மிஸ்டர் கூவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். கோப்பிலிருந்து எங்கள் பிரதியை எடுத்து, தன் ஒரே பேனாவால் ஒன்பதாவது வரியை அடித்தார். "அவர் கூப்பிட்டாரா என்று கேட்டது நான்தானே" என்றார். மறுவாரம் எங்கள் பிரிவின் எல்லாத் தாள்களையும் மேசைமேல் பரப்பி, கடைசி வரியை மட்டும் படிக்கச் சொன்னார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமைக்கு மறுநாள், ஜமீலாவின் அம்மாவுக்கென்று ஒதுக்கிய அந்த மதிய நேரத்தில் ஜமீலா எனக்குப் போன் போட்டாள்.

"அக்கா, மாமி நேத்து மவுத்தாயிட்டாங்க. நான் பாசார்லதான் இருந்தேன். திரும்பி வந்தா கடை பூட்டியிருக்கு, மேசையில எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு. நான் பின்னால போய்ச் சேர்ந்தேன். இந்தத் தடவை அவருதான்க்கா முன்னால தோள் குடுத்தாரு."

போனை வைத்துவிட்டு மூன்று மணிவரை காத்திருந்தேன். பிறகு போர்டுக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமைச் செய்திகளில் இரண்டே வரிதான் இருந்தது. காலை ஒன்பது நாற்பதுக்குத் தம்பி எழுதியிருந்தார்: "அம்மா போய்விட்டார்."

ஒன்பது நாற்பத்திரண்டுக்கு யூசுப்: "புறப்பட்டேன்."